அ == ஆ என்று எழுதினால் யாரிடம் போய்க் கேட்கிறது?

ஒரு பழைய சி++ நூலகத்தை, மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு கோடுத் தொகுப்பை, அந்த மொழியின் சி++17 என்ற பதிப்பிலிருந்து சி++20 என்ற பதிப்புக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன். நகர்த்துவது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குக் கொடுக்கும் ஒரு ஃபிளாகை மாற்றினேன், அவ்வளவுதான். கோடில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. பிழை எதுவும் வராமல் கம்பைல் ஆனது. டெஸ்ட்டை ஓட்டினேன், ஸ்டாக் (ஃபங்ஷன்களைக் கூப்பிடுவதைக் குறித்துவைக்கும் நினைவகப் பகுதி) நிரம்பி புரோகிராம் விழுந்தது. டீபக்கரில் திறந்து பார்த்தால் ஒரே ஃபங்ஷன் தன்னைத்தானே ஆயிரக்கணக்கான முறை கூப்பிட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிறது. அந்த ஃபங்ஷனுக்குள் இருந்தது ஒரே ஒரு வரி, அதுவும் பல ஆண்டுகளாக யாரும் தொடாத, யாருக்கும் தொந்தரவு கொடுக்காத வரி.

அன்றைய பொழுது முழுக்க அதிலேயே போனது. ஆனால் இரண்டு மதிப்புகள் சமமா என்று கேட்கும் == என்ற குறியைப் பார்த்ததும் கம்பைலர் என்னென்ன செய்கிறது என்பதை அதற்கு முன் நான் இவ்வளவு நிதானமாகப் படித்ததே இல்லை. படித்த பிறகு மற்ற மொழிகளில் இதே வேலை எப்படி நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கிவிட்டேன், அதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்தக் கோடு எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஐடி என்று ஒரு சின்ன கிளாஸ் (நாமே வரையறுக்கும் டைப், அதாவது தரவு வகை), உள்ளே ஓர் எண் மட்டும். அதற்கு == ஒரு மெம்பர் ஃபங்ஷனாக, அதாவது கிளாஸுக்கு உள்ளேயே, எழுதப்பட்டிருந்தது; வலது பக்கம் லாங் (பெரிய முழு எண்) வகை எண்ணை வாங்கிக்கொள்ளும். கிளாஸுக்கு வெளியே தனியாக இன்னொரு ==, இது இடது பக்கம் இன்ட் (சாதாரண முழு எண்), வலது பக்கம் ஐடி. இந்த இரண்டாவது ஃபங்ஷனுக்குள் இருந்த ஒரே வரி, பக்கங்களை மாற்றிப் போட்டு ஐடி == எண் என்று திருப்பிக் கேட்பது.

சி++17 வரை இப்படி எழுதாமல் முடியாது. மெம்பர் ஃபங்ஷனாக == எழுதினால் இடது பக்கம் இருப்பது அந்த கிளாஸின் பொருளாக இருந்தே ஆகவேண்டும். பயனர் ஐடி == 5 என்று எழுதினால் ஓடும், 5 == ஐடி என்று எழுதினால் கம்பைலர் கையை விரித்துவிடும். ஆகவே எல்லோரும் ஒரு கண்ணாடி ஃபங்ஷன் எழுதுவோம், பக்கத்தை மாற்றிவிட்டு முதல் ஃபங்ஷனிடம் ஒப்படைத்துவிடும். இதற்கென்றே பூஸ்ட் நூலகத்தில் ஒரு பகுதி இருக்கிறது, நாம் ஒரு பக்கத்தை எழுதினால் மறுபக்கத்தை அது எழுதித் தரும். அந்த அளவுக்கு அது ஒரு வழக்கம்.

சி++20 இந்த வழக்கத்தை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. அ == ஆ என்று எழுதினால் கம்பைலர் அ == ஆ-வுக்குப் பொருந்தும் ஃபங்ஷன்களை மட்டும் பார்ப்பதில்லை, ஆ == அ என்று எழுதியிருந்தால் எவையெல்லாம் பொருந்தியிருக்குமோ அவற்றையும் பக்கம் திருப்பி அதே வேட்பாளர் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. அ != ஆ என்றால் தனியாக != எழுதியிருக்க வேண்டும் என்றில்லை, == ஐக் கூப்பிட்டு விடையைத் தலைகீழாக்கிக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. நான் இதை மனதார வரவேற்றவன். கண்ணாடி ஃபங்ஷன்கள் எழுதிக் கை ஓய்ந்தவர்கள் எல்லோரும் வரவேற்றிருப்பார்கள்.

சரி, பட்டியல் சேர்ந்தாயிற்று, யாரைத் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. கம்பைலர் ஒவ்வொரு வேட்பாளரையும் ஒவ்வொரு ஆர்குமென்ட்டாக (நாம் கொடுக்கும் மதிப்பு) ஒப்பிடுகிறது: இந்த ஆர்குமென்ட் அந்தப் பாராமீட்டருக்கு (ஃபங்ஷன் அதை வாங்கிக்கொள்ளும் இடம்) போக எவ்வளவு மாற வேண்டியிருக்கிறது? மாறவே வேண்டாம் என்றால் முதலிடம், இன்ட் லாங் ஆவது போன்ற மாற்றம் என்றால் அதற்குக் கீழே, நாமே எழுதிய கன்வர்ஷன் வேண்டும் என்றால் இன்னும் கீழே. எந்த ஆர்குமென்ட்டிலும் பின்தங்காமல், குறைந்தது ஒன்றிலாவது முந்தியிருப்பவரே ஜெயிக்கிறார். இதில் சமநிலை வந்தால்தான் அடுத்த விதிகளுக்குப் போகும். டெம்ப்ளேட்டா (பல டைப்புகளுக்குப் பொதுவாக எழுதிய அச்சு), சாதாரண ஃபங்ஷனா? சாதாரண ஃபங்ஷனுக்கு முன்னுரிமை. டெம்ப்ளேட்டுகளுக்குள் எது குறிப்பானது? அப்புறம், இதெல்லாம் முடிந்த பிறகுதான், திருப்பி எழுதப்பட்ட வேட்பாளரா, நேரான வேட்பாளரா என்ற கேள்வி வருகிறது. நேரானவருக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் அது வரிசையின் கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நான் இதைத் தப்பாக நினைத்திருந்தேன். நேராக எழுதிய ஃபங்ஷன் ஒன்று பொருந்துகிறது என்றால் அதுதான் முதலில் ஓடும், எதுவும் பொருந்தாவிட்டால்தான் கம்பைலர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் என்று என் மனதில் ஒரு படம் இருந்தது. அப்படி இல்லை. திருப்பியவையும் நேரானவையும் ஒரே பந்தியில் உட்கார்ந்து போட்டியிடுகின்றன.

இப்போது என் ஐடி கிளாஸுக்கு வாருங்கள். கண்ணாடி ஃபங்ஷனுக்குள் ஐடி == எண் என்று இருக்கிறது, எண் இன்ட் வகை. நேரான வேட்பாளர் மெம்பர் ஃபங்ஷன். ஐடி அப்படியே பொருந்துகிறது, ஆனால் இன்ட் லாங் ஆக மாற வேண்டும். திருப்பிய வேட்பாளர் யார்? அந்தக் கண்ணாடி ஃபங்ஷனேதான். அதைத் திருப்பினால் இடது பக்கம் ஐடி, வலது பக்கம் இன்ட், இரண்டும் எந்த மாற்றமும் இல்லாமல் பொருந்துகின்றன. முதல் சுற்றிலேயே அது ஜெயித்துவிடுகிறது. நேரானவருக்கு முன்னுரிமை என்ற விதி வாய் திறப்பதற்கே இடமில்லை. ஆக அந்த ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுகிறது, அது மறுபடியும் தன்னையே கூப்பிடுகிறது. சி++17-இல் அதே வரிக்கு ஒரே ஒரு வேட்பாளர்தான், மெம்பர் ஃபங்ஷன். இன்ட் சத்தமில்லாமல் லாங் ஆனது, எல்லாம் சரியாக ஓடியது.

ஆப்டிமைசேஷன் போட்டு கம்பைல் செய்த பில்டில் ஸ்டாக்கூட நிரம்பவில்லை. கடைசி வரியாகத் தன்னையே கூப்பிடுவதால் கம்பைலர் அதை ஒரு சுழற்சியாக மாற்றிவிட்டது, புரோகிராம் விழாமல் அப்படியே உறைந்து நின்றது. டீபக் பில்டில் பார்த்ததால்தான் காரணம் சீக்கிரம் தெரிந்தது. இந்த மாதிரி முடிவில்லாத ரிகர்ஷனுக்கு (தன்னைத்தானே கூப்பிடுவதற்கு) கம்பைலர்கள் எச்சரிக்கை கொடுக்கின்றன, எங்கள் பில்டில் அந்த எச்சரிக்கை இயக்கப்படவில்லை. இப்போது இயக்கிவிட்டேன், அதைப் பிழையாகவே கருதச் சொல்லிவிட்டேன்.

இதே விதியால் இன்னொரு வகையான முறிவும் வரும், இது இன்னும் பரவலானது. == ஐ மெம்பராக எழுதும்போது கடைசியில் கான்ஸ்ட் (பொருளை மாற்றமாட்டேன் என்ற உறுதி) போட மறந்துவிடுவது. இரண்டு பக்கமும் ஒரே கிளாஸ், பாராமீட்டருக்குக் கான்ஸ்ட் ரெஃபரன்ஸ், ஆனால் ஃபங்ஷனுக்குக் கான்ஸ்ட் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கான்ஸ்ட் இல்லாத இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது, நேரான வடிவத்தில் இடது பக்கப் பொருள் மாற்றமின்றிப் போகிறது, வலது பக்கத்துக்குக் கான்ஸ்ட் சேர்கிறது. திருப்பிய வடிவத்தில் அப்படியே தலைகீழ். இடது ஆர்குமென்ட்டில் இவர் முந்துகிறார், வலது ஆர்குமென்ட்டில் அவர் முந்துகிறார், யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. இத்தனைக்கும் இரண்டுமே ஒரே ஃபங்ஷன்! விதியை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினால் இது பிழை. உலகத்தில் இப்படி எழுதப்பட்ட கோடு ஏராளம் என்பதால் கம்பைலர்கள் இதை ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுகின்றன.

இந்த மாதிரி முறிவுகள் குவிந்ததால் 2022-இல் மொழிக் குழு ஒரு திருத்தத்தை ஏற்றுக்கொண்டது, சி++20-க்கே பின்னோக்கிப் பொருந்தும்படி. அதன் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நீங்கள் ஒரு == எழுதி, அதே இடத்தில் அதே பாராமீட்டர்களோடு ஒரு != ஐயும் எழுதியிருந்தால், அந்த == ஐக் கம்பைலர் திருப்பிப் பார்க்காது. ஏன்? சி++20-ஐ மனதில் வைத்து எழுதுகிறவர் != எழுத வேண்டிய தேவையே இல்லை. ஜோடியாக எழுதியிருக்கிறார் என்றால் அவர் பழைய விதிகளை நம்பி எழுதியவர், அவருடைய கோடைப் பழைய விதிகளின்படியே நடத்துவோம் என்பதுதான் கணக்கு. எழுதியவரின் மனதைக் கோடின் தோற்றத்திலிருந்து ஊகிக்கும் விதி இது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இதை விளக்குவது கஷ்டம், ஏனென்றால் சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும் ஒரு != ஐ அழித்தால் == நடந்துகொள்ளும் விதம் மாறுகிறது. இருந்தாலும் இதைவிடக் குறைந்த சேதத்தில் வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

என் கோடுக்கு இந்தத் திருத்தம் ஏன் கைகொடுக்கவில்லை என்றால், கண்ணாடி ஃபங்ஷனுக்கு ஜோடியாக != இல்லை. 5 != ஐடி என்று யாரும் எங்கும் எழுதியிருக்கவில்லை, ஆகவே யாரும் சேர்க்கவில்லை.

சி++ஐ விட்டு நகர்வதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும், வேட்பாளர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது. நாம் == எழுதிய இடத்துக்குச் சுற்றிலும் தேடுவது போக, இரண்டு பக்க டைப்புகளும் எந்த நேம்ஸ்பேஸில் (பெயர்களைத் தொகுத்துவைக்கும் பகுதி) பிறந்தனவோ அங்கேயும் போய்த் தேடுகிறது. இது இல்லாவிட்டால் ஒரு நூலகத்தின் டைப்பை இன்னொரு இடத்தில் ஒப்பிடவே முடியாது. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஸ்டாண்டர்ட் நூலகத்தின் ஒரு டைப்புக்கு, சொந்தத் தேவைக்காக, எல்லா நேம்ஸ்பேஸுக்கும் வெளியே ஒரு == எழுதினால் நம் கோடில் அது ஓடும்; அதே டைப்பை நூலகத்தின் தேடும் ஃபங்ஷனிடம் கொடுத்தால் அப்படி ஒரு == இருப்பதே அதற்குத் தெரியாது. காரணம், அந்த ஃபங்ஷன் தன் சொந்த நேம்ஸ்பேஸில் நின்று தேடுகிறது, அங்கே ஏற்கெனவே ஏராளமான ==கள் இருப்பதால் வெளியே இருக்கும் உங்களுடையது மறைக்கப்பட்டுவிடுகிறது. டைப்பின் பிறந்த இடமும் அதே நேம்ஸ்பேஸ்தான், ஆக அந்த வழியிலும் உங்களுடையது கிடைக்காது. ஒப்பீட்டை டைப்பின் கூடவே, அதன் கிளாஸுக்குள் ஃபிரெண்ட் ஃபங்ஷனாக (மெம்பர் அல்லாத, ஆனால் கிளாஸின் உள்விவரங்களைத் தொடக்கூடிய ஃபங்ஷன்) எழுதுவதுதான் நான் இப்போது எல்லா இடத்திலும் செய்வது.

இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே ஒரு முரண்பாடு என்று எனக்குப் படுகிறது. கணிதத்தில் சமம் என்பதற்குப் பக்கம் கிடையாது. 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் = குறியை அறிமுகப்படுத்தியபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறு இல்லை என்றுதான் காரணம் சொன்னார். குறியே இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்கிறது. ஆனால் ஒரு மொழியில் == என்பது கடைசியில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவதுதான், ஃபங்ஷனுக்கு முதல் ஆர்குமென்ட், இரண்டாவது ஆர்குமென்ட் என்று உண்டு. யாரையாவது முதலில் கேட்டாக வேண்டும். கேட்கும் நேரம் ஒன்று, கம்பைல் செய்யும்போதா ஓடும்போதா. கேட்கும் ஆள் இன்னொன்று, இடதா வலதா இருவருமா. இந்த இரண்டுக்கும் ஒவ்வொரு மொழியும் ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, அந்தப் பதில்தான் அந்த மொழியில் எந்த மாதிரித் தவறு நடக்கும் என்பதையும் முடிவுசெய்கிறது.

சி ஷார்ப்பில் == ஒரு ஸ்டாட்டிக் ஃபங்ஷன், தனியொரு பொருளைச் சாராதது. இரண்டு பக்க டைப்புகளிலும் எழுதப்பட்ட ==களை எடுத்து, கம்பைல் நேரத்திலேயே ஒன்றை முடிவுசெய்துவிடும். ஓடும்போது உள்ளே உண்மையில் என்ன பொருள் இருக்கிறது என்று பார்க்கவே பார்க்காது, வேரியபிளை எந்த டைப்பாக அறிவித்தோமோ அதுதான் கணக்கு. இது ஜெனரிக் (எந்த டைப்போடும் பயன்படும்படி எழுதிய) கோடில் வந்து கழுத்தைப் பிடிக்கும். ரெஃபரன்ஸ் டைப்பாக (பொருள் இருக்கும் இடத்தைச் சுட்டும் வகை) இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு ஜெனரிக் ஃபங்ஷன் எழுதி, அதற்குள் இரண்டு மதிப்புகளை == போட்டு ஒப்பிட்டால், அதைப் பின்னால் ஸ்ட்ரிங்கோடு (எழுத்துத் தொடர்) பயன்படுத்தினாலும் ஸ்ட்ரிங்கின் == ஓடாது. ஜெனரிக்கைக் கம்பைல் செய்த நேரத்தில் அது ஸ்ட்ரிங் என்று தெரியாது, ஆகவே இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருள்தானா என்ற ஒப்பீட்டை முடிவுசெய்து வைத்துவிட்டது.

இதில் நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன், அதுவும் டெஸ்ட் எல்லாம் பச்சையாக இருக்கும்போது. டெஸ்ட்டில் இரண்டு பக்கமும் நேரடியாக மேற்கோள் போட்ட சொற்களைக் கொடுத்திருந்தேன். ஒரே எழுத்துகள் கொண்ட சொற்களைக் கம்பைலர் ஒரே பொருளாகவே வைத்துக்கொள்வதால் இரண்டும் உண்மையிலேயே ஒரே பொருள், ஒப்பீடு சரி என்றது. நிஜமாக ஓடியபோது ஒரு சொல் ஃபைலிலிருந்து படித்தது, இன்னொன்று நெட்வொர்க்கில் வந்தது, எழுத்துகள் ஒன்றேதான், பொருள்கள் வேறு, விடை தவறு. அந்த இடத்தில் ஈக்வல்ஸ் மெத்தடையோ டிஃபால்ட் கம்பேரரையோ பயன்படுத்தியிருக்க வேண்டும், அது ஓடும் நேரத்தில் உள்ளே இருக்கும் பொருளைக் கேட்கும். சி ஷார்ப் 11-இலிருந்து ஜெனரிக் டைப்புக்கு == இருக்க வேண்டும் என்று நிபந்தனையே போட முடிகிறது, அப்படிப் போட்டால் சரியான == தேர்வாகும்.

ஜாவா, == போன்ற குறிகளுக்கு நாமே ஃபங்ஷன் எழுதும் ஓவர்லோடு வேண்டாம் என்றே முடிவெடுத்த மொழி. பொருள்களுக்கு == என்றால் ஒரே பொருள்தானா என்பது மட்டும், மதிப்பை ஒப்பிட ஈக்வல்ஸ். இது தெளிவாகத் தெரிந்தாலும் இன்டிஜர் பொருள்களில் 127-ஐயும் 127-ஐயும் == போட்டால் சரி என்றும் 128-ஐயும் 128-ஐயும் போட்டால் இல்லை என்றும் வருவது எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்பது; -128 முதல் 127 வரையிலான பொருள்கள் முன்கூட்டியே செய்து வைக்கப்பட்டவை, தானாகப் பொருளாக மாறும்போது அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. கோட்லின் == ஐ ஈக்வல்ஸாக மாற்றிக்கொள்கிறது, இடது பக்கம் நல் (பொருளே இல்லாத வெற்று மதிப்பு) ஆக இருந்தால் அதையும் கவனித்துக்கொள்கிறது.

ஆனால் ஈக்வல்ஸ் என்பது இடது பக்கத்தை மட்டும் கேட்பது. இடது பக்கம் சொன்னால் சொன்னதுதான். இதற்கு ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே உதாரணம் இருக்கிறது. டேட் ஒரு கிளாஸ், டைம்ஸ்டாம்ப் அதன் சப்கிளாஸ் (அதிலிருந்து பிறந்த கிளாஸ்), அதில் நானோ விநாடிகள் கூடுதலாக உண்டு. ஒரு டேட்டிடம் இந்த டைம்ஸ்டாம்ப் உனக்குச் சமமா என்று கேட்டால் ஆம் என்று சொல்லக்கூடும். அதே டைம்ஸ்டாம்ப்பிடம் அந்த டேட் உனக்குச் சமமா என்று கேட்டால் எப்போதுமே இல்லைதான். ஆவணத்திலேயே இதை வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார்கள், இது இருபக்கமும் ஒன்றாக இல்லை என்று. அ == ஆ உண்மை, ஆ == அ பொய். இதைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே மனது சரியில்லை. அந்த இரண்டு வகையும் கலந்த ஒரு லிஸ்ட்டில் தேடினால் எதை எதோடு ஒப்பிடும் என்ற வரிசையைப் பொறுத்து விடை மாறும்.

பைத்தான் இந்த இடத்தில் செய்திருப்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. அ == ஆ என்றால் ஓடும் நேரத்தில், முதலில் அ-வின் டைப்பிடம் கேட்கும். அது ஆம் அல்லது இல்லை என்று சொல்லலாம். மூன்றாவதாக நாட்இம்ப்ளிமென்டட் என்று ஒரு பதிலும் சொல்லலாம். இந்த வகைப் பொருளை எனக்குத் தெரியாது, என்னைக் கேட்காதீர்கள் என்று பொருள். அப்போது பக்கம் மாறி ஆ-வைக் கேட்கிறது. அதுவும் தெரியாது என்றால் இரண்டும் ஒரே பொருள்தானா என்பதோடு முடித்துக்கொள்கிறது. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: வலது பக்கத்தின் டைப் இடது பக்கத்தின் சப்கிளாஸாக இருந்தால் வலது பக்கத்தை முதலில் கேட்கும். ஏனென்றால் சப்கிளாஸுக்குத் தன் பேரன்ட்டைப் பற்றித் தெரியும், பேரன்ட்டுக்குச் சப்கிளாஸைப் பற்றித் தெரிய வாய்ப்பில்லை. இப்போது டேட், டைம்ஸ்டாம்ப் கதையை நினைத்துப் பாருங்கள். இந்த ஏற்பாட்டில் எந்த வரிசையில் எழுதினாலும் டைம்ஸ்டாம்ப்பைத்தான் முதலில் கேட்டிருக்கும், விடை ஒன்றாகவே இருந்திருக்கும்.

நான் பார்த்த மற்ற மொழிகளில் ‘இல்லை’ என்பதும் ‘தெரியாது’ என்பதும் ஒரே வாயிலிருந்து ஒரே சொல்லாக வருகின்றன. சமமில்லை என்று தெரிந்து சொல்வது வேறு, இது என்னவென்றே தெரியாததால் சமமில்லை என்று சொல்வது வேறு. அந்த வேறுபாட்டை மொழியிலேயே வைத்ததால்தான், ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு கிளாஸைத் தொடாமலேயே அதோடு ஒப்பிடக்கூடிய புதிய கிளாஸை எழுத முடிகிறது.

ஆனால் எழுதுகிறவர்கள் ஒத்துழைக்க வேண்டும். பைத்தானின் டெஸ்ட் நூலகத்தில் எதனோடு ஒப்பிட்டாலும் சமம் என்று சொல்லும் ஒரு பொருள் உண்டு, எனி என்று பெயர். ஒரு ஃபங்ஷன் எந்த ஆர்குமென்ட்டோடு கூப்பிடப்பட்டது என்று சரிபார்க்கும்போது, இந்த இடத்தில் என்ன இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்ல அதை வைப்போம். எனி இடது பக்கம் இருந்தால் பிரச்சினையே இல்லை. வலது பக்கம் இருந்தால், இடது பக்கக் கிளாஸின் டண்டர் ஈக்யூ (== க்கு விடை சொல்லும் மெத்தட்) ஒழுங்காக நாட்இம்ப்ளிமென்டட் திருப்பினால்தான் எனிக்கு வாய்ப்பே வரும். வேற்று டைப்பைப் பார்த்ததும் ஃபால்ஸ் என்று திருப்பும் கிளாஸ்கள் எத்தனையோ இருக்கின்றன, நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன், ஏனென்றால் படித்த உதாரணங்கள் அப்படி இருந்தன. ஃபால்ஸ் என்றால் கேள்வி அங்கேயே முடிந்தது, மறுபக்கத்துக்குப் போகாது. உங்கள் கிளாஸ் ஒன்றில் அப்படி ஒரு ஃபால்ஸ் இருந்தால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். ஒரு சொல் மாற்றம்தான்.

கூடவே இன்னொன்று, பைத்தானில் டண்டர் ஈக்யூ எழுதி டண்டர் ஹாஷ் (பொருளைத் தேட உதவும் ஹாஷ் என்ற எண்ணைத் தரும் மெத்தட்) எழுதாவிட்டால் அந்தப் பொருளை டிக்‌ஷனரியின் சாவியாகவோ செட்டிலோ வைக்க முடியாது. எரிச்சலாக இருக்கும், ஆனால் சரியான முடிவு. சமமான இரண்டு பொருள்களுக்கு ஹாஷ் வேறாக இருந்தால் செட்டில் தேடும்போது கிடைக்காது, அந்தத் தவறு சத்தமில்லாமல் நடக்கும்.

ரஸ்ட் வேறு வழியில் போகிறது. == என்பது பார்ஷியல் ஈக்யூ என்ற டிரெய்ட்டின் (ஒரு டைப்பால் என்ன செய்ய முடியும் என்ற ஒப்பந்தம்) மெத்தட், எந்த டைப்பை எந்த டைப்போடு ஒப்பிடலாம் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். ஐடியை எண்ணோடு ஒப்பிட ஒன்று, எண்ணை ஐடியோடு ஒப்பிட இன்னொன்று. மொழி எதையும் திருப்பித் தராது. எண்களைத் தானாக ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்றவும் மாற்றாது, 32 பிட் எண்ணையும் 64 பிட் எண்ணையும் == போட்டால் பிழை. இருபக்கமும் ஒரே விடை தர வேண்டும் என்று ஆவணம் கேட்டுக்கொள்கிறது, கம்பைலர் சரிபார்ப்பதில்லை. எழுத வேண்டிய வரிகள் அதிகம்தான், ஆனால் என் ஐடி கிளாஸுக்கு நடந்தது அங்கே நடக்க வழியே இல்லை: இன்ட் லாங் ஆவது இல்லை, திருப்புவது இல்லை, போட்டியிட இரண்டு பேர் இல்லை. ஹாஸ்கெல் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு பக்கமும் ஒரே டைப்பாக இருக்க வேண்டும் என்றே சொல்லிவிடுகிறது. அந்தக் கண்டிப்பு எனக்கு வசதிப்படவில்லை, ஆனால் மதிப்பு உண்டு.

திரும்ப என் நூலகத்துக்கு. கண்ணாடி ஃபங்ஷனை அழித்துவிடுவதுதான் முதலில் தோன்றியது. சி++20-இல் அது தேவையே இல்லை, 5 == ஐடி என்று எழுதினால் மெம்பரையே திருப்பிப் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் இந்த நூலகத்தை 17-இலேயே இருந்துகொண்டு பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அழித்தால் அவர்கள் கோடு உடையும். ஆகவே கண்ணாடியை வைத்துக்கொண்டு அதன் உள்வரியை மட்டும் மாற்றினேன். ஐடி == எண் என்று கேட்காமல், ஐடிக்கு உள்ளே இருக்கும் எண்ணை வெளியே எடுத்து இரண்டு சாதாரண எண்களாக ஒப்பிடச் சொன்னேன். சாதாரண எண்களுக்கு மொழியிலேயே இருக்கும் ஒப்பீடுதான், ஓவர்லோடு எதுவும் நடுவில் வர முடியாது. 17, 20 இரண்டு பதிப்பிலும் ஓடுகிறது.

அதன்பிறகு நூலகம் முழுக்க, == ஃபங்ஷனுக்குள் == எழுதி மறுபக்கத்துக்கு ஒப்படைக்கும் எல்லா இடங்களையும் தேடினேன். பெரும்பாலானவை தப்பித்திருந்தன, ஏனென்றால் இரண்டு ஃபங்ஷன்களின் டைப்புகளும் அச்சு அசலாக ஒன்றே, முதல் சுற்றுகளில் சமநிலை வந்து, கடைசியில் நேரானவருக்கு முன்னுரிமை என்ற விதி காப்பாற்றியது. ஒன்றே ஒன்று தப்பவில்லை. அங்கே மெம்பர் ஒரு டெம்ப்ளேட், எந்த டைப்பையும் மாற்றமில்லாமல் வாங்கிக்கொள்ளும். கண்ணாடி ஒரு சாதாரண ஃபங்ஷன். ஆர்குமென்ட்டுகளில் சமநிலை, அடுத்த விதி டெம்ப்ளேட்டைவிடச் சாதாரண ஃபங்ஷனுக்கு முன்னுரிமை, அது நேரானதா திருப்பியதா என்ற விதிக்கு முன்னால் வருகிறது. மறுபடியும் கண்ணாடியே ஜெயிக்கிறது, தன்னையே கூப்பிடுகிறது. அந்த ஒப்பீட்டைத் தொடும் டெஸ்ட் ஒன்றுகூட இல்லை, அதனால்தான் அது விழவில்லை. டெஸ்ட்டை முதலில் எழுதினேன், ஸ்டாக் நிரம்பி விழுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேன், அப்புறம்தான் உள்வரியை மாற்றினேன்.